அமெரிக்காவின் நெடுந்தூரப் பயணிகள் ரயில்கள்

அமெரிக்காவில் 750 மைலுக்கு (சுமார் 1,200 கி.மீ.) மேல் ஓடும் பயணிகள் ரயில்கள் நெடுந்தூர ரயில்கள் எனப்படுகின்றன. இவை சுமார் 15 வழித்தடங்களில் ஓடுகின்றன. அனைத்தையும் நடத்துவது ஆம்ட்ராக் என்ற அரசு சார்ந்த நிறுவனம். ஆனால் அவை ஓடும் பாதைகளில் பெரும்பகுதி சரக்கு ரயில் நிறுவனங்களுக்குச் சொந்தமானது. ரயில் ஒருவருடையது, தண்டவாளம் வேறொருவருடையது என்ற இந்த ஏற்பாட்டின் வேர் 19ஆம் நூற்றாண்டில் இருக்கிறது. கண்டம் கடக்கும் பாதைகளைப் போட்டவர்கள் பயணச்சீட்டு வருமானத்தை மட்டும் நம்பிப் போடவில்லை. நிலம், சரக்கு, தபால் ஆகிய மூன்றும்தான் அவர்களுடைய கணக்கின் அடித்தளம். அந்தக் கணக்கு மாறியபோதெல்லாம் பயணிகள் ரயிலின் நிலையும் மாறியது.

கிழக்குக் கரையில் தொடக்கம்

1825இல் ஈரி கால்வாய் திறக்கப்பட்டதும் உள்நாட்டு வணிகம் நியூயார்க்கை நோக்கித் திரும்பியது. இதனால் கலங்கிய பால்டிமோர் நகர வணிகர்கள் 1827இல் பால்டிமோர்–ஒஹாயோ ரயில் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். 1828 ஜூலை 4 அன்று வேலை ஆரம்பமாயிற்று. 1830இல் 13 மைல் தூரத்துக்குப் பயணிகள் வண்டி ஓடத் தொடங்கியபோது அதை இழுத்தவை குதிரைகள். அதே ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரில் நீராவி இன்ஜின் பூட்டிய பயணிகள் ரயில் கால அட்டவணைப்படி ஓடத் தொடங்கியது. 1860க்குள் நாட்டில் சுமார் 30,000 மைல் பாதை இருந்தது.

ஆனால் இது ஒரே வலைப்பின்னலாக இருக்கவில்லை. ஒவ்வொரு நிறுவனமும் தன் ஊரின் வணிகத்துக்காகத் தன் பாதையைப் போட்டுக்கொண்டது. தென் மாநிலங்களில் தண்டவாளங்களின் இடைவெளி 5 அடி. ஈரி நிறுவனத்தின் பாதையில் 6 அடி. வடக்கே பல இடங்களில் 4 அடி 8½ அங்குலம். ஒரு நிறுவனத்தின் பாதை முடியும் இடத்தில் பயணிகள் மூட்டை முடிச்சுகளோடு இறங்கி அடுத்த ரயில் ஏற வேண்டியிருந்தது.

இந்தப் பிரிவினையின் பெரிய அடையாளம் சிகாகோ. 1848இல் முதல் ரயிலைக் கண்ட அந்த நகரம், பத்தாண்டுகளுக்குள் நாட்டின் முதன்மையான ரயில் மையமாக வளர்ந்தது. கிழக்கிலிருந்து வந்த நிறுவனங்கள் அங்கே முடிந்தன. மேற்கே செல்லும் நிறுவனங்கள் அங்கிருந்து தொடங்கின. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்நகரில் ஆறு பெரிய முனையங்கள் இருந்தன. ஒரு முனையத்திலிருந்து இன்னொன்றுக்குப் பயணிகளை ஏற்றிச் செல்வதையே தொழிலாகக் கொண்டு பார்மலி என்ற நிறுவனம் தலைமுறைகளாக நடந்தது.

கண்டம் கடந்த பாதை

1860களுக்கு முன் மிசௌரி ஆற்றங்கரையிலிருந்து கலிபோர்னியாவுக்கு மாட்டு வண்டியில் போய்ச் சேர நான்கு முதல் ஆறு மாதம் ஆனது. தென் அமெரிக்காவைச் சுற்றிக் கப்பலில் சென்றாலும் ஏறக்குறைய அதே காலம்தான். உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த 1862இல் அதிபர் ஆபிரகாம் லிங்கன் பசிபிக் ரயில் சட்டத்தில் கையெழுத்திட்டார். யூனியன் பசிபிக் நிறுவனம் ஓமஹாவிலிருந்து மேற்கு நோக்கியும், சென்ட்ரல் பசிபிக் நிறுவனம் சாக்ரமெண்டோவிலிருந்து கிழக்கு நோக்கியும் பாதை போட வேண்டும் என்று முடிவாயிற்று. ஒவ்வொரு மைலுக்கும் சமவெளியில் 16,000 டாலர், இடைப்பட்ட மேட்டு நிலத்தில் 32,000 டாலர், மலையில் 48,000 டாலர் என்று அரசு கடன் பத்திரம் வழங்கியது. அதோடு பாதையின் இருபுறமும் ஒன்றுவிட்டு ஒன்றாகச் சதுர மைல் கட்டங்களில் நிலமும் கொடுத்தது.

யூனியன் பசிபிக்கில் ஐரிஷ் குடியேறிகளும் போரிலிருந்து திரும்பிய வீரர்களும் வேலை செய்தார்கள். சென்ட்ரல் பசிபிக்கில் பெரும்பாலோர் சீனத் தொழிலாளர்கள். அவர்களின் எண்ணிக்கை பத்தாயிரத்துக்கும் மேல். சியரா நெவாடா மலையில், டானர் கணவாய்க்கு அருகே, கருங்கல்லைக் குடைந்து 1,659 அடி நீளமுள்ள சுரங்கப்பாதையை வெட்டியவர்கள் அவர்களே. வெடிமருந்தாலும் பனிச்சரிவாலும் பலர் இறந்தார்கள். வெள்ளையருக்குச் சமமான ஊதியம் கேட்டு 1867இல் அவர்கள் நடத்திய வேலைநிறுத்தம், உணவுப் பொருள்கள் வருவது நிறுத்தப்பட்டதால் முறிந்தது. பாதை முடிந்து 13 ஆண்டுகளில், 1882இல், சீனத் தொழிலாளர் நாட்டுக்குள் வருவதையே தடுக்கும் சட்டம் வந்தது.

1869 மே 10 அன்று யூட்டாவின் பிராமண்டரி மேட்டில் இரு பாதைகளும் இணைந்தன. ஓமஹாவிலிருந்து சாக்ரமெண்டோ வரை 1,776 மைல். கரைக்குக் கரை பயணம் மாதங்களிலிருந்து ஒரு வாரமாகச் சுருங்கியது. 1876இல் நியூயார்க்கிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு விடப்பட்ட ஒரு சிறப்பு ரயில் அந்தத் தூரத்தை 83 மணி 39 நிமிடத்தில் கடந்து நாட்டையே வியக்க வைத்தது. வழக்கமான ரயில்கள் அந்த வேகத்தில் ஓடவில்லை.

ஓமஹா–சாக்ரமெண்டோ கட்டணம் முதல் வகுப்பில் 100 டாலர், இரண்டாம் வகுப்பில் 75, குடியேறிகள் வகுப்பில் 40. குடியேறிகளின் பெட்டிகளில் மரப் பலகை இருக்கைகளும் ஒரு கணப்பு அடுப்பும்தான் இருக்கும். இந்தப் பெட்டிகள் பெரும்பாலும் சரக்கு வண்டிகளோடு இணைக்கப்பட்டன. வேக ரயில் வரும்போதெல்லாம் ஒதுக்குப் பாதையில் கிராசிங்குக்காக மணிக்கணக்கில் காத்திருந்தன. 1879இல் இந்த வகுப்பில் பயணம் செய்த எழுத்தாளர் ராபர்ட் லூயிஸ் ஸ்டீவன்சன் அந்த அனுபவத்தைப் பின்னர் நூலாக எழுதினார்.

குடியேறிகளை மலிவாக ஏற்றிச் சென்றதில் நிறுவனங்களுக்கு நீண்டகால ஆதாயம் இருந்தது. மத்திய அரசு ரயில் நிறுவனங்களுக்குக் கொடுத்த நிலம் மொத்தம் சுமார் 13 கோடி ஏக்கர். ஐரோப்பாவில் முகவர்களை வைத்து ஆள் சேர்த்து, அந்த நிலத்தை விற்றார்கள். அங்கே குடியேறியவர் விளைவித்த கோதுமையும் வளர்த்த மாடும் மறுபடி அதே ரயிலில் சரக்காகக் கிழக்கே போயின. இந்த வளர்ச்சிக்கு விலை கொடுத்தவர்கள் சமவெளியின் பூர்வகுடிகள். ரயில் அவர்களுடைய வேட்டை நிலங்களை ஊடறுத்துச் சென்றது. தோலுக்காக வேட்டையாடியவர்கள் ரயிலேறி வந்தார்கள். தோல்கள் ரயிலிலேயே சந்தைக்குப் போயின. பூர்வகுடிகளின் வாழ்வாதாரமாக இருந்த காட்டெருமைக் கூட்டங்கள் 1880களின் நடுவில் ஏறக்குறைய அழிந்துவிட்டன.

முதல் பாதையைத் தொடர்ந்து வேறு பாதைகளும் கண்டத்தைக் கடந்தன. 1883இல் வடக்கே நார்தர்ன் பசிபிக்கும், தெற்கே நியூ ஆர்லியன்ஸையும் லாஸ் ஏஞ்சல்ஸையும் இணைத்த சதர்ன் பசிபிக்கும் நிறைவடைந்தன. 1880களிலேயே சான்டா ஃபே நிறுவனமும் கலிபோர்னியாவை எட்டியது. 1893இல் ஜேம்ஸ் ஹில்லின் கிரேட் நார்தர்ன், மினசோட்டாவுக்கு மேற்கே மத்திய அரசின் நிலக்கொடை இல்லாமலேயே சியாட்டில் வரை சென்றது. இன்றைய மேற்கத்திய நெடுந்தூர ரயில்கள் பெரும்பாலும் இந்தப் பாதைகளிலேயே ஓடுகின்றன.

ஒரே நேரம், ஒரே தடம்

1883 வரை ஒவ்வொரு ஊருக்கும் தனி நேரம் இருந்தது. சூரியன் உச்சிக்கு வரும் பொழுது அந்த ஊருக்கு நண்பகல். கால அட்டவணை தயாரிப்பதும் ஒற்றைப் பாதையில் எதிரெதிர் வரும் ரயில்களை விலக்கிவிடுவதும் இதனால் குழப்பமும் ஆபத்தும் நிறைந்த வேலைகளாக இருந்தன. 1883 நவம்பர் 18 அன்று ரயில் நிறுவனங்கள் தாங்களாகவே நாட்டை நேர மண்டலங்களாகப் பிரித்துக்கொண்டன. அரசு அதைச் சட்டமாக்கியது 35 ஆண்டுகள் கழித்து, 1918இல்.

1886இல் தென் மாநில நிறுவனங்கள் 11,000 மைலுக்கும் மேற்பட்ட பாதையில் ஒரு பக்கத் தண்டவாளத்தை இரண்டே நாளில் நகர்த்தி, வடக்கின் ரயில்கள் தங்கு தடையின்றி வந்துபோக வழிசெய்தன. ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸின் காற்றழுத்த பிரேக்கும், ஊழியர் பெட்டிகளுக்கு நடுவே நிற்காமலே பெட்டிகளை இணைக்கும் தானியங்கிக் கொக்கியும் 1893ஆம் ஆண்டுச் சட்டத்தால் கட்டாயமாயின. பெட்டிகளைக் கையால் இணைக்கும்போது விரல்களையும் உயிரையும் இழந்த ஊழியர்கள் அதற்கு முன் ஏராளம்.

படுக்கை, உணவு, உழைப்பு

இரவுப் பயணத்தை வசதியானதாக மாற்றியவர் ஜார்ஜ் புல்மன். பகலில் எதிரெதிர் இருக்கைகளாக இருப்பவை இரவில் மேல் கீழ்ப் படுக்கைகளாக விரியும். திரைச்சீலை மறைப்புக் கொடுக்கும். 1867இல் தொடங்கிய அவருடைய நிறுவனம் பெட்டிகளை ரயில் நிறுவனங்களுக்கு விற்கவில்லை. தானே ஆள்வைத்து நடத்திக் கட்டணம் வசூலித்தது. 1920களில் ஒரே இரவில் சுமார் ஒரு லட்சம் பேர் புல்மன் பெட்டிகளில் உறங்கினார்கள்.

அந்தப் பெட்டிகளின் பணியாளர்கள் கறுப்பினத்தவர்கள். தொடக்க காலத்தவர்களில் பலர் அடிமை நிலையிலிருந்து விடுபட்டவர்கள். படுக்கை விரிப்பது, காலணி துடைப்பது, பயணியை நள்ளிரவில் எழுப்பி இறக்கிவிடுவது எல்லாம் அவர்களுடைய வேலை. பயணிகள் பலர் அவர்களைப் பெயர் சொல்லி அழைக்காமல், முதலாளியின் பெயரான ‘ஜார்ஜ்’ என்றே கூப்பிட்டார்கள். மாதத்துக்கு 400 மணி நேரம் அல்லது 11,000 மைல் வேலை. குறைந்த சம்பளத்தை அன்பளிப்புக் காசுதான் ஈடுகட்டியது. 1925இல் ஏ. பிலிப் ராண்டால்ஃப் தலைமையில் அவர்கள் சங்கம் அமைத்தார்கள். 12 ஆண்டுப் போராட்டத்துக்குப் பின், 1937இல், நிறுவனம் சங்கத்தோடு ஒப்பந்தம் செய்தது. மாத வேலை நேரம் 240 மணியாகக் குறைந்தது.

உணவுக்குப் பெயர்போனவர் ஃபிரெட் ஹார்வி. உணவுப் பெட்டிகள் பரவலாவதற்கு முன், ரயில் நிற்கும் இருபது நிமிடத்துக்குள் கிடைத்ததை விழுங்கிவிட்டு ஓடிவருவதே பயணிகளின் பாடு. 1876இல் கான்சாஸின் டொபீகா நிலையத்தில் தொடங்கி, சான்டா ஃபே பாதை நெடுகிலும் ஹார்வி திறந்த உணவகங்களில் வெள்ளை மேசை விரிப்பும் நல்ல மாட்டிறைச்சியும் தரமான காப்பியும் கிடைத்தன. கிழக்கு மாநிலங்களிலிருந்து வேலைக்கு வந்த இளம்பெண்கள் பரிமாறினார்கள். வீட்டைவிட்டு வெளியே பெண்களுக்கு மதிப்பான வேலை அரிதாக இருந்த காலத்தில் இது ஒரு புதிய வழியாக அமைந்தது.

நிறத்தால் பிரிந்த பெட்டிகள்

1892இல் ஹோமர் பிளெசி என்பவர் லூசியானாவில் முதல் வகுப்புச் சீட்டு வாங்கி, வெள்ளையருக்கான பெட்டியில் வேண்டுமென்றே ஏறி அமர்ந்தார், கைதானார். நிறத்துக்கொரு தனிப் பெட்டி என்ற மாநிலச் சட்டத்தை எதிர்க்கத் திட்டமிட்டே ஒரு குழு இதை ஏற்பாடு செய்திருந்தது. 1896இல் உச்ச நீதிமன்றம், வசதிகள் சமமாக இருந்தால் பிரித்து வைப்பது சட்டப்படி செல்லும் என்று தீர்ப்பளித்தது. ரயில் பெட்டியில் தொடங்கிய இந்த வழக்கின் தீர்ப்பு, பள்ளி முதல் மருத்துவமனை வரை அரை நூற்றாண்டுக்கு மேல் பிரிவினைக்குச் சட்ட ஆதாரமாக இருந்தது.

நடைமுறையில் வசதிகள் சமமாகவும் இல்லை. கறுப்பினத்தவருக்கான பெட்டி பெரும்பாலும் இன்ஜினுக்கு அடுத்து, புகையும் கரித்தூளும் விழும் இடத்தில் இருந்தது. பாதிப் பெட்டி சாமான்களுக்கு ஒதுக்கப்பட்டிருக்கும். வடக்கிலிருந்து வருபவர்கள் வாஷிங்டனிலோ இல்லினாயின் கெய்ரோவிலோ இந்தப் பெட்டிக்கு மாற வேண்டும். உணவுப் பெட்டிப் பிரிவினையை 1950இல் உச்ச நீதிமன்றம் தடுத்தது. மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் ரயில்களில் பிரிவினை கூடாது என்று மாநிலங்களிடை வணிக ஆணையம் 1955இல் ஆணையிட்டது.

இதே ரயில்கள்தான் தெற்கைவிட்டு வெளியேறும் வழியாகவும் இருந்தன. 1910க்கும் 1970க்கும் இடையே சுமார் 60 லட்சம் கறுப்பினத்தவர் தென் மாநிலங்களைவிட்டு வடக்கிலும் மேற்கிலும் குடியேறினார்கள். மிசிசிப்பியிலிருந்து கிளம்பியவர்களுக்கு இல்லினாய் சென்ட்ரல் பாதை சிகாகோவைக் காட்டியது. புளோரிடா, ஜார்ஜியா, கரோலினாக்களிலிருந்து கிளம்பியவர்களுக்குக் கிழக்குக் கரைப் பாதை நியூயார்க்கைக் காட்டியது. எந்தப் பாதை ஊரைத் தொட்டதோ, அதன் மறுமுனை நகரமே பெரும்பாலும் புது ஊராயிற்று.

புகழின் உச்சம்

1902இல் நியூயார்க் சென்ட்ரல் நிறுவனம் நியூயார்க்–சிகாகோ இடையே ‘ட்வென்டியத் சென்சுரி லிமிடெட்’ என்ற ரயிலை 20 மணி நேரப் பயணமாக விட்டது. 1938இல் அது 16 மணி நேரமாயிற்று. பயணிகள் நடந்துவர நடைமேடையில் சிவப்புக் கம்பளம் விரித்ததால் அது புகழ்பெற்றது. 1916இல் நாட்டின் மொத்தப் பாதை சுமார் 2,54,000 மைல் என்ற உச்சத்தைத் தொட்டது. 1920இல் பயணங்களின் எண்ணிக்கை 120 கோடியைத் தாண்டியது.

மோட்டார் கார் பரவியதும் சரிவு தொடங்கியது. 1929இல் வந்த பொருளாதார மந்தம் அதை விரைவுபடுத்தியது. நிறுவனங்கள் வேகத்தாலும் அழகாலும் ஈடுகொடுக்க முயன்றன. 1934 மே 26 அன்று பர்லிங்டன் நிறுவனத்தின் துருப்பிடிக்காத எஃகால் ஆன ‘ஸெஃபைர்’ டீசல் ரயில், டென்வரிலிருந்து சிகாகோ வரை 1,015 மைலை 13 மணி 5 நிமிடத்தில் கடந்தது. 1936இல் சான்டா ஃபேயின் ‘சூப்பர் சீஃப்’ சிகாகோவையும் லாஸ் ஏஞ்சல்ஸையும் 40 மணிக்குள் இணைத்தது. ஹாலிவுட் நட்சத்திரங்கள் அதில் பயணம் செய்தார்கள். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்கும் டயருக்கும் பங்கீடு வந்ததும், படைவீரர்களும் பொதுமக்களும் ரயில்களை நிரப்பினார்கள். பயணிகள் கடந்த மொத்தத் தூரத்தைக் கணக்கிட்டால், 1944ஆம் ஆண்டின் அளவை அமெரிக்க ரயில்கள் அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை.

சரிவும் தபாலின் பங்கும்

போருக்குப் பின் நிறுவனங்கள் புதுப் பெட்டிகளில் பெரும் பணம் போட்டன. 1949இல் மூன்று நிறுவனங்கள் சேர்ந்து சிகாகோ–சான் பிரான்சிஸ்கோ வளைகுடா இடையே விட்ட ‘கலிபோர்னியா ஸெஃபைர்’ ரயிலில் கண்ணாடிக் கூரை வேய்ந்த மேல்மாடங்கள் இருந்தன. ராக்கி மலையையும் ஃபெதர் ஆற்றுப் பள்ளத்தாக்கையும் பகல் வெளிச்சத்தில் கடக்கும்படி அதன் நேரம் அமைக்கப்பட்டது. ஆனால் 1956இல் 41,000 மைல் விரைவுச் சாலைகளுக்கு மத்திய அரசு சட்டம் இயற்றியது. 1958இல் உள்நாட்டு ஜெட் விமானங்கள் வந்தன. அவசரமாகச் செல்பவர் விமானத்துக்குப் போனார்; குடும்பத்தோடு செல்பவர் காருக்குப் போனார்.

எஞ்சிய ரயில்களைத் தாங்கிப் பிடித்தது தபால். 1864 முதலே ஓடும் ரயிலில் கடிதங்களைப் பிரித்து அடுக்கும் அஞ்சல் பெட்டிகள் இருந்தன. பயணிகள் குறைந்த பின்னும் பல ரயில்களின் செலவில் பெரும்பங்கைத் தபால் வருமானம் ஈடுகட்டியது. 1967இல் அஞ்சல் துறை அந்த ஒப்பந்தங்களில் பெரும்பாலானவற்றை நிறுத்தி, தபாலை லாரிக்கும் விமானத்துக்கும் மாற்றியது. அதே ஆண்டு டிசம்பரில் ‘ட்வென்டியத் சென்சுரி லிமிடெட்’ நின்றது. 1968 முடிவில் புல்மன் நிறுவனம் படுக்கைப் பெட்டிச் சேவையைக் கைவிட்டது. 1970 மார்ச்சில் ‘கலிபோர்னியா ஸெஃபைர்’ நின்றது. ஜூனில் நாட்டின் பெரிய ரயில் நிறுவனமான பென் சென்ட்ரல் திவாலாயிற்று. 1929இல் சுமார் 20,000 ஆக இருந்த நகரிடைப் பயணிகள் ரயில்கள் 1970இல் 500க்கும் குறைவு.

ஆம்ட்ராக்

1970 அக்டோபரில் அதிபர் நிக்சன் கையெழுத்திட்ட சட்டத்தால் ஆம்ட்ராக் உருவாயிற்று. ஒரு நுழைவுத் தொகையைப் பணமாகவோ பெட்டியாகவோ சேவையாகவோ கொடுத்துவிட்டால், பயணிகள் ரயில் நடத்தும் கடமையிலிருந்து தனியார் நிறுவனம் விடுபடலாம். தகுதியுள்ள 26 நிறுவனங்களில் 20 அப்படி விடுபட்டன. 1971 மே 1 அன்று ஆம்ட்ராக் ஓடத் தொடங்கியபோது, முந்தைய நாள் ஓடிய ரயில்களில் ஏறக்குறைய பாதி நின்றுபோயின. மிஞ்சிய ரயில்களில் இருந்தவை பல நிறுவனங்களின் நிறங்களைத் தாங்கிய பழைய பெட்டிகள். 1970களின் இறுதியில் வந்த ‘சூப்பர்லைனர்’ என்ற இரட்டை அடுக்குப் பெட்டிகளே மேற்கத்திய ரயில்களில் இன்றும் ஓடுகின்றன. 1979இலும் 1997இலும் செலவுக் குறைப்புக்காகச் சில நெடுந்தூர வழித்தடங்கள் கைவிடப்பட்டன.

1973ஆம் ஆண்டுச் சட்டம் சரக்கு ரயிலைவிடப் பயணிகள் ரயிலுக்கே முன்னுரிமை என்கிறது. ஆனால் ரயிலை விலக்கிவிடும் கட்டுப்பாட்டு அறை சரக்கு நிறுவனத்தின் கையில் இருக்கிறது. ஒதுக்குப் பாதைக்குள் அடங்காத அளவுக்குச் சரக்கு ரயில்கள் நீண்டுவிட்ட இடங்களில் பயணிகள் ரயிலே ஒதுங்கி நிற்கிறது. மணிக்கணக்கான தாமதங்களுக்கு இது முக்கியக் காரணம்.

இன்றைய வழித்தடங்கள்

சிகாகோ இன்றும் மையம். அங்கிருந்து மேற்கே மூன்று பெரிய ரயில்கள் கிளம்புகின்றன. ‘எம்பயர் பில்டர்’ வடக்கு டகோட்டா, மொன்டானா வழியாக, கிளேசியர் தேசியப் பூங்காவின் ஓரமாகச் சென்று, ஸ்போக்கேனில் இரண்டாகப் பிரிந்து சியாட்டிலையும் போர்ட்லாந்தையும் அடைகிறது. சியாட்டில் வரை 2,206 மைல். ‘கலிபோர்னியா ஸெஃபைர்’ என்ற பெயரை 1983இல் மீண்டும் பெற்ற ரயில், 1928இல் திறந்த 6.2 மைல் நீள மொஃபாட் சுரங்கம் வழியாக ராக்கி மலையைக் கடந்து, சீனத் தொழிலாளர்கள் வழி திறந்த டானர் கணவாயில் சியராவைக் கடந்து, சான் பிரான்சிஸ்கோவுக்கு எதிர்க்கரையில் உள்ள எமரிவில்லில் முடிகிறது. 2,438 மைல், இரண்டு இரவுப் பயணம். ‘சவுத்வெஸ்ட் சீஃப்’ பழைய சான்டா ஃபே பாதையில் 2,265 மைல் ஓடி லாஸ் ஏஞ்சல்ஸை அடைகிறது.

நியூ ஆர்லியன்ஸ்–லாஸ் ஏஞ்சல்ஸ் இடையே வாரம் மும்முறை ஓடும் ‘சன்செட் லிமிடெட்’ 1894 முதல் அதே பெயரில் ஓடுகிறது. 1993இல் அது புளோரிடா வரை நீட்டிக்கப்பட்டு, கரைக்குக் கரை ஓடும் ஒரே ரயிலாக இருந்தது. 2005இல் கத்ரீனா புயல் கிழக்குப் பகுதிப் பாதையைச் சிதைத்ததோடு அது முடிந்தது. இப்போது கரைக்குக் கரை செல்பவர் சிகாகோவிலோ நியூ ஆர்லியன்ஸிலோ ரயில் மாற வேண்டும்.

மேற்குக் கரையோரம் சியாட்டில்–லாஸ் ஏஞ்சல்ஸ் இடையே ‘கோஸ்ட் ஸ்டார்லைட்’ ஓடுகிறது. ‘சிட்டி ஆஃப் நியூ ஆர்லியன்ஸ்’ பழைய இல்லினாய் சென்ட்ரல் பாதையில் சிகாகோவுக்கும் நியூ ஆர்லியன்ஸுக்கும் இடையே செல்கிறது. கிழக்கே ‘கிரெசன்ட்’ நியூயார்க்–நியூ ஆர்லியன்ஸ் இடையேயும் ‘சில்வர் மீட்டியர்’ நியூயார்க்–மயாமி இடையேயும் ஓடுகின்றன. பயணிகளோடு அவர்களுடைய கார்களையும் ஏற்றிச் செல்லும் ‘ஆட்டோ ட்ரெய்ன்’ வாஷிங்டனுக்குத் தெற்கேயுள்ள லார்ட்டனிலிருந்து புளோரிடாவின் சான்ஃபோர்டு வரை 855 மைல் செல்கிறது.

இந்த ரயில்கள் கட்டண வருமானத்தால் மட்டும் நடப்பவை அல்ல. நாடாளுமன்றத்தின் மானியமே அவற்றை நிறுத்தாமல் வைத்திருக்கிறது. அதற்கு அரசியல் காரணமும் உண்டு. விமான நிலையமும் பேருந்தும் அருகில் இல்லாத பல சிற்றூர்களுக்கு, பாதி இரவில் வந்தாலும், ரயில்தான் பொதுப் போக்குவரத்து. 2018இல் ‘சவுத்வெஸ்ட் சீஃப்’ பாதையின் நடுப்பகுதியில் ரயிலுக்குப் பதில் பேருந்து விடலாம் என்ற யோசனை எழுந்தபோது, கான்சாஸ், கொலராடோ, நியூ மெக்சிகோ மாநிலங்களின் செனட்டர்கள் எதிர்த்து நின்று அதைக் கைவிடச் செய்தார்கள். 2021ஆம் ஆண்டின் உள்கட்டமைப்புச் சட்டம் ரயில்துறைக்கு 6,600 கோடி டாலர் ஒதுக்கியது. அதில் 2,200 கோடி நேரடியாக ஆம்ட்ராக்குக்கு. முதலில் நிலக்கொடை, பிறகு தபால், இப்போது மானியம் என்று, அமெரிக்க நெடுந்தூர ரயில் ஏறக்குறைய எல்லாக் காலத்திலும் பயணச்சீட்டுக்கு வெளியே ஒரு துணையைக் கொண்டே ஓடியிருக்கிறது.